வளியின் நோய்க்கு வேலியோர மூலிகை

மூட்டுகளிலும் இடுப்பிலும் தோன்றும் வலியைச் சித்த மருத்துவம் வளி எனப்படும் வாதத்தின் கேடாகக் கொள்கிறது. உடலை இயக்கும் வளி, அழல், ஐயம் ஆகிய மூன்றனுள் அசைவுக்குரிய வளி தன் அளவில் பிறழும்போது வலியும் முடக்கமும் பிறக்கின்றன என்பது அதன் கொள்கை. மூட்டைக் குறிக்கும் 'கீல்' என்னும் சொல்லோடு வாயு சேர்ந்தே கீல்வாயு என்ற நோய்ப்பெயர் அமைந்தது.

இதற்கான மூலிகைகள் பல திசையன்விளை போன்ற செம்மண் ஊர்களின் வேலிகளிலேயே படர்கின்றன. காற்றடைத்த பை போன்ற காய்களைக் கொண்ட முடக்கற்றான், முடக்கை அறுப்பது என்ற பொருளில் பெயர் பெற்று, தோசை மாவிலும் இரசத்திலும் சேர்கிறது. நொச்சியிலை வதக்கப்பட்டுத் துணியில் பொதிந்து ஒற்றடமாகிறது. பூப்பெய்திய பெண்களின் இடுப்பு வலுப்பெற உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் கொண்டு கிண்டும் உளுந்தங்களியும் இம்மரபின் சமையலறைக் கிளையே.

வெளிப்பூச்சுக்கான தைலம், இலைச்சாற்றையும் எண்ணெயையும் ஒன்றாகக் காய்ச்சி நீர்ப்பதம் முழுதும் வற்றியபின் வடிக்கப்படுகிறது. அடியில் தங்கும் மூலிகை விழுதான கல்கத்தை விரலால் உருட்டி, அது மெழுகுபோல் திரள்கிறதா, மணல்போல் உதிர்கிறதா என்று பார்த்தே பதம் அறியப்படுகிறது. நீர் எஞ்சினால் தைலம் கெட்டுவிடும்.

சீன மருத்துவமும் இவ்வலிக்குக் காற்றையே காரணமாகக் கூறி, அதனுடன் குளிரையும் ஈரத்தையும் சேர்க்கிறது. ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவோவின் நூலில் உள்ள துஹுவோ ஜிஷெங் கஷாயம், முசுக்கட்டையில் ஒட்டி வளரும் புல்லுருவி உள்ளிட்ட 15 சரக்குகளைக் கொண்டு முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் தரப்படுகிறது.

இரு மரபுகளுக்கும் பொதுவான இடர் செடியை மாற்றி எடுப்பதாகும். சீனர் மூட்டுவலிக்குப் பயன்படுத்தும் ஃபாங்ஜி என்னும் வேருக்குப் பதிலாக, ஒத்த பெயருடைய அரிஸ்டோலோக்கியா வேர் கலந்த எடைக்குறைப்பு மருந்தை உட்கொண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தது 1993-இல் பெல்ஜியத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் அதே பேரினத்தைச் சேர்ந்ததே; சிறுநீரகத்தைத் தாக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் அதிலும் உண்டு.

ஆதலின் வேலியில் கிடைப்பது என்பதனாலேயே ஒரு மூலிகை தீங்கற்றது ஆகிவிடாது. வீக்கம், காய்ச்சல், கால் மரத்துப்போதல் ஆகியவை வலியோடு சேருமாயின் உடனே மருத்துவரை நாடுவதும், உள்மருந்தை 1964 முதல் இயங்கும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பயின்ற மருத்துவரிடம் கேட்டே உட்கொள்வதும் நலம்.