காணியும் வேலியும்

செங்கற்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் படாளம். நெல்லும் கரும்பும் விளையும் இப்பகுதியில் பண்டு 24 அடிக் கோலால் நிலம் அளந்தனர். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. ஏக்கர்க் கணக்கு வந்த பின்னரும் காணி என்னும் சொல் மக்கள் நாவை விட்டு அகலவில்லை.

குழியின் பரப்பு 576 சதுர அடி. காணியின் பரப்பு 57,600 சதுர அடி. எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் 57,600 வருமோ, அதுவே அதன் வர்க்கமூலம். அவ்வெண் 240. ஆகவே, சதுரக் காணியின் பக்கம் 240 அடி. முட்கம்பி ஒரு சுற்று இழுக்க 960 அடி வேண்டும்.

சதுரமான அரைக் காணிக்கு உழவர் ஒருவர் வேலியிட விழைகிறார் எனக் கொள்க. நிலம் பாதியாதலின் கம்பியும் பாதி போதும் என்றெண்ணி அவர் 480 அடி வாங்கினால், மூன்றாம் பக்கம் முடியுமுன்பே கம்பி தீர்ந்துவிடும்; ஆடுமாடுகளுக்கோ வழி திறந்தே கிடக்கும்! அக்கம்பி, பக்கம் 120 அடியுள்ள கால் காணிக்கே உரியது.

அரைக் காணி 28,800 சதுர அடி. 170-ஐ 170-ஆல் பெருக்கினால் 28,900, நூறே மிகுதி. எனவே பக்கம் 170 அடிக்குச் சற்றுக் குறைவு. சுற்றளவு ஏறக்குறைய 679 அடி. கம்பத்தில் சுற்றிக் கட்டுவதற்குச் சில அடி கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

உடன்பிறந்தார் இருவர் சதுரக் காணியை நடுவே வரப்பிட்டுப் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொரு பங்கும் 240 அடி நீளமும் 120 அடி அகலமும் உடையதாகும். அதுவும் அரைக் காணியே. ஆயினும் அதற்கு 720 அடிக் கம்பி வேண்டும்.