அருகம்புல்லை மூணு மில்லிமீட்டருக்கு வெட்டினா என்ன ஆகும்?

இன்னைக்கு எபிசோடுக்கு முன்னாடி வீட்டுல செய்யக்கூடிய ஒரு சின்ன சோதனை. சாதாரணக் கோரைப்பாயை விரிச்சு, அது மேல ஒரு கோலிக்குண்டை உருட்டுங்க. கொஞ்ச தூரத்துலயே தடுமாறி நின்னுடும். அதே கோலியை ஒரு பத்தமடைப் பட்டுப்பாய் மேல உருட்டினா இன்னும் தூரம் போகும். ரெண்டும் கோரைதான். ஆனா பட்டுப்பாய்க்குக் கோரையைத் தண்ணியில ஊறவச்சு, நூல் மாதிரி மெலிசாக் கிழிச்சு, நெருக்கி நெய்யுறாங்க. மேடு பள்ளம் சின்னதாகச் சின்னதாக, பந்துக்குத் தடை குறையுது.

கோல்ஃப்ல குழியைச் சுத்தி இருக்கிற 'கிரீன்' அப்படிங்கிற பகுதியை 'ஃபாஸ்ட்' ஆக்குறதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஒரே ஒரு சிக்கல்: பாய் செத்த புல்லு. கிரீன் உயிரோட இருக்கணும்.

நெல்லைக்காரனுக்கு எதுக்குல கோல்ஃப்னு கேப்பீங்க. சங்கர் நகர் மைதானத்துல டி.என்.பி.எல். பாத்து வளர்ற ஊரு நம்முது. ஆனா இந்தக் கதையில வர்ற முக்கியமான ஆளு நம்ம வீட்டு வாசல்லயே நிக்குறாரு. பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல். வெள்ளைக்காரன் 'பெர்முடா'ன்னு சொல்றது இதைத்தான். சென்னை கிண்டி மாதிரி வெக்கையான இடத்துல கிரீனுக்குச் சரிப்பட்டு வர்றது இந்த வகைப் புல்தான். குளிர் நாட்டுக்காரங்க வளர்க்கிற பென்ட் புல் நம்ம சமவெளி வெயில்ல ஒரு சித்திரைகூடத் தாண்டாது.

அதுக்காக வயக்காட்டு வரப்புல இருக்கிறதை அப்படியே பேத்து நட்டா வேலைக்காகாது. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊர்ல, அருகம்புல்லையும் ஆப்பிரிக்காவுல இருக்கிற அதோட ஒன்னுவிட்ட தம்பியையும் சேர்த்து ஒட்டுரகம் உருவாக்குனாங்க. 1965-ல வந்த 'டிஃப்ட்வார்ஃப்', அப்புறம் 90-கள்ல வந்த 'டிஃப்ஈகிள்' எல்லாம் அந்தக் குடும்பம். இலை குட்டை, மெலிசு, நெருக்கம். விதை பிடிக்காது, தண்டைக் கிள்ளித்தான் நடணும்.

சரி, 'ஃபாஸ்ட்'னு எதை வச்சுச் சொல்றது? 1935-ல ஓக்மான்ட் மைதானத்துல நடந்த யு.எஸ். ஓப்பன்ல, ஜீன் சாரசென் லேசாத் தட்டுன பந்து கிரீனையே தாண்டி ஓடிப்போய் மணல்குழியில விழுந்ததை எட்வர்ட் ஸ்டிம்சன்னு ஒருத்தர் பாத்தாரு. இது ஆட்டக்காரர் தப்பா, தரையோட தப்பான்னு அளக்குறதுக்கு ஒரு மரக்கட்டையில கருவி செஞ்சாரு. இப்போ இருக்கிறது அலுமினியப் பட்டை. மூணடி நீளம், நடுவுல வி வடிவத்துல பள்ளம், மேல்பக்கம் பந்து உக்காற ஒரு வெட்டு. பட்டையை மெதுவாத் தூக்கினா, சுமார் 20 டிகிரி சாய்வு வந்ததும் பந்து தானா நழுவி உருளும். தூக்குற ஆளோட கைவேகம் இதுல சேராது, அதுதான் இந்த டிசைனோட அழகு. இந்தப் பக்கம் மூணு பந்து, எதிர்ப்பக்கம் மூணு பந்து உருட்டி, சராசரியா எத்தனை அடி போகுதோ அதுதான் 'ஸ்டிம்ப்' எண். 70-கள்ல அமெரிக்கா முழுக்க அளந்தப்போ சராசரி ஆறரை அடி பக்கம் இருந்துச்சு. இன்னைக்குப் பெரிய போட்டிகள்ல 12, 13 எல்லாம் சகஜம்.

அந்த எண்ணை ஏத்துறதுக்கு முதல் ஆயுதம் வெட்டு. புல்வெட்டும் மெஷினை 1830-ல கண்டுபிடிச்ச எட்வின் பட்டிங், துணி மில்லுல கம்பளித் துணியோட பிசிறைச் சீவுற மெஷினைப் பாத்துத்தான் அந்த ஐடியாவைப் பிடிச்சாரு. இப்பவும் கிரீன் மெஷின்ல அதே உருளைக் கத்தி, கீழே ஒரு நிலைக்கத்தி, ரெண்டும் கத்திரிக்கோல் மாதிரி வேலை செய்யும். காலையில ஒரு காகிதத்துண்டை நடுவுல விட்டுப் பாப்பாங்க. சுத்தமா வெட்டுப்பட்டாத்தான் வண்டி வெளியே போகும். வெட்டுற உயரம் 3 மில்லிமீட்டர் பக்கம். ரெண்டு அம்பது பைசா நாணயத்தை ஒன்னு மேல ஒன்னு அடுக்கினா எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான்.

இங்கதான் பிரச்சினை ஆரம்பிக்குது. இலைதான் புல்லோட அடுப்பங்கரை. அதை வெட்டிட்டே இருந்தா, வேருக்குச் சாப்பாடு குறையும். வேர் மேலேயே நின்னுடும். அப்புறம் ஒரு நாள் வெயில் கொளுத்தினாக்கூடப் புல்லு பழுத்துப் போயிடும். வெட்டை மட்டும் நம்பி வேகத்தை ஏத்துறவரு, வட்டிக்கு வாங்கிச் செலவு பண்றவரு மாதிரி.

அதனால விவரமானவங்க ரோலருக்குப் போறாங்க. கிரிக்கெட் பிட்ச்ல போடுற மாதிரி கனமான ரோலர் இல்ல, இது லேசானது. ஒரு தடவை ஓட்டினா ஒரு அடி வரைக்கும் வேகம் கூடும், அது ஓரிரு நாள் தாங்கும். இலையை வெட்டாமலே கிடைக்கிற வேகம் இது. மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆய்வுல, அளவா ரோலர் போட்ட இடத்துல ஒருவகைப் பூஞ்சாண நோய்கூடக் குறைஞ்சது தெரிஞ்சுது. எனக்கு இந்த வழிதான் ரொம்பப் பிடிச்சது.

இன்னொரு வழி, புல்லைப் பட்டினி போடுறது. தழைச்சத்தைக் கொஞ்சமாத் தெளிப்பாங்க, தண்ணியைப் பிடிச்சுப் பிடிச்சு விடுவாங்க. கூடவே வளர்ச்சியை அடக்குற மருந்து ஒன்னும் அடிப்பாங்க. அது ஜிப்பரெல்லின்னு ஒரு ஹார்மோனைத் தடுக்கும். அந்த ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டதே நெல்லுல வர்ற ஒரு நோயாலதான். ஜப்பான் வயல்கள்ல சில நாத்து மட்டும் மத்ததை விட நெடுநெடுன்னு வளர்ந்து வெளிறிச் சாஞ்சிடும். காரணம் தேடினப்போ, ஒரு பூஞ்சாணம் சுரக்கிற பொருள்னு தெரிஞ்சுது. நெல்லுல வந்த அந்தக் கோளாறைத் தலைகீழாத் திருப்பித்தான் கோல்ஃப் புல்லைக் குட்டையாக்குறாங்க.

இப்போ கொஞ்சம் கணக்கு, நம்ம எஞ்சினியரிங் படிச்சதுக்கு ஒரு மரியாதை வேணாமா. பட்டையை விட்டு இறங்குற பந்தோட வேகம் விநாடிக்கு 1.8 மீட்டர் பக்கம்னு வச்சுக்கோங்க. எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு தெரிஞ்சா, தரை பந்தை எவ்வளவு பிடிச்சு இழுக்குதுன்னு கணக்குப் போட்டுடலாம். அதை வச்சு நான் தோராயமாப் போட்டுப் பாத்தேன். ஸ்டிம்ப் ஆறரையா இருந்தா, நூத்துக்குப் பன்னெண்டு அடி சரிவு வரைக்கும் பந்து நிக்கும். பதிமூணுன்னா, ஆறு அடி சரிவைத் தாண்டினாலே ஓடிடும். அந்தக் காலத்து வேகத்துக்குச் செதுக்கின சரிவுகள்ல இன்னைக்குக் குழி வெட்டவே இடம் கிடைக்காது. 2004 யு.எஸ். ஓப்பன்ல, ஷின்னெகாக் மைதானத்து ஏழாவது கிரீன் காய்ஞ்சு பந்து நிக்காமப் போய், கடைசி நாள் ஆட்டத்துக்கு நடுநடுவுல தண்ணி தெளிக்க வேண்டியதாயிடுச்சு. உலகத்தோட பெரிய போட்டிக்கே அந்த நெலம.

இன்னும் ஒரு பொருள் பாக்கி. மணல். புல்லுக்கடியில சேர்ற செத்த தண்டு, வேர் எல்லாம் மெத்தை மாதிரி ஆகி வேகத்தைக் கெடுக்கும். அதனால நிக்கவச்ச கத்தியால கீறிவிட்டு, மேலே மெலிசா மணல் தூவி, பிரஷ்ஷால இழுத்து உள்ள இறக்குவாங்க. இது திரும்பத் திரும்ப நடக்கும். அதுபோக அமெரிக்க கோல்ஃப் சங்கத்து முறைப்படி புதுசா ஒரு கிரீன் கட்டினா, ஜல்லிக்கு மேல 30 சென்டிமீட்டர் மணல். ஒரு கிரீன் 500 சதுர மீட்டர்னு வச்சு 18-க்குக் கணக்குப் போடுங்க: 2,700 கன மீட்டர். நம்ம லாரிக் கணக்குல 900 யூனிட்டுக்கு மேல. அதுவும் சலிச்ச, ஒரே அளவு மணலா இருக்கணும்.

இந்த எண்ணைத் தாமிரபரணிக்காரன் சும்மா கேட்டுட்டுப் போக முடியாது. நல்லகண்ணு ஐயா தொடுத்த வழக்குல, 2010-ல மதுரை ஐகோர்ட் கிளை இந்த ஆத்துல மணல் அள்ள அஞ்சு வருஷத் தடை போட்டுச்சு. பாபநாசத்துல இருந்து திருவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு வழியாப் பங்கு வச்சுக்கிற தண்ணி இது. இங்க ஒருத்தர் 13 ஸ்டிம்ப்ல கிரீன் கட்டுறேன்னு வந்தா, தண்ணி எங்கிருந்து, மணல் எங்கிருந்துன்னு கேக்குறதுதான் என் முதல் கேள்வியா இருக்கும். 9 அடியில ஆடினா ஆட்டம் ஒன்னும் செத்துடாது. டிவியில பாத்துட்டு, எங்க ஊர்லயும் அதே வேகம் வேணும்னு கேக்குற உறுப்பினர்கள்தான் பல மைதானக்காரங்களுக்குத் தலைவலி.

தண்ணி இல்லாத இடங்கள்ல நம்ம நாட்டுல ஒரு பழைய வழி இருந்துச்சு, 'பிரவுன்'னு பேரு. புல்லே கிடையாது. மணல்ல எண்ணெய் கலந்து, தட்டையா இழுத்துவிட்டு, அது மேல ஆடுவாங்க. கால் தடம் பட்டா, இழுத்துச் சமப்படுத்திட்டு அடுத்த ஆளு ஆடுவாரு. பாக்க அழகா இருக்காது, எண்ணெய் மண்ணுக்கும் நல்லதில்ல. ஆனா யாரும் புல்லைப் பட்டினி போடல.

அடுத்த வாரம் கிரிக்கெட் பிட்ச். அங்க எல்லாமே தலைகீழ்: மணல் ஆகாது, களிமண்தான் வேணும், ரோலர் டன் கணக்குல இருக்கும். வாரேன் மக்களே.