பெயிண்ட் டப்பாவின் மேல் என்ன எழுதுவது? யார் முடிவு செய்வது?



பெயிண்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் ரெசின், பிக்மென்ட், சால்வென்ட், அடிட்டிவ் என்று தூக்கத்திலும் சொல்லிவிடுவோம். ஐந்து மார்க் கேள்வியாச்சே! ஆனால் கம்பெனி வாசலை மிதித்த பிறகுதான் ஐந்தாவதாக ஒரு சரக்கும் உண்டு என்று தெரியும். அதுதான் சட்டம். எந்த ரசாயனம் எவ்வளவு போடலாம், டப்பாவின் மேல் என்ன எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும், மிச்சமான பெயிண்ட் எங்கே போக வேண்டும்... எல்லாவற்றுக்கும் விதி உண்டு.

இந்த விதிகள் எழுதப்படும்போது உற்பத்தியாளர் சங்கங்கள் சும்மா இருப்பதில்லை. மனு கொடுக்கும், ஆய்வுகளை எடுத்து வைக்கும், கோர்ட்டுக்கும் போகும். "காசு உள்ளவன் பேச்சுதானே அம்பலம் ஏறும்!" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சில சமயம் அது உண்மைதான். எப்போதுமே உண்மையா என்றால், இல்லை. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஈயம் சொல்லும் பாடம்

ஒயிட் லெட் என்ற ஈய பிக்மென்ட் விஷம் என்பது நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. பிரான்ஸ் 1909-லேயே அதற்கு எதிராகச் சட்டம் போட்டது. 1921-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டிடங்களின் உட்புறத்தில் அது கூடாது என்று, சில விலக்குகளோடு, உடன்படிக்கை கொண்டுவந்தது. ஆனால் அமெரிக்காவில் 1928-ல் தொடங்கிய ஈய உற்பத்தியாளர் சங்கம், ஈயப் பெயிண்டுக்காக விளம்பர இயக்கமே நடத்தியது. அங்கே வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-ல்! நம் நாட்டில் 2016-ல் விதி வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் வீட்டு உபயோகப் பெயிண்டில் 90 பி.பி.எம்.முக்கு மேல் ஈயம் கூடாது என்றானது. தாமதமான ஒவ்வொரு வருஷத்துக்கும் விலை கொடுத்தது யார்? உதிர்ந்த பெயிண்ட் தூசியை விழுங்கிய குழந்தைகளின் மூளை.

வெள்ளைப் பொடி மீது வழக்கு

ஈயம் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது டைட்டானியம் டை ஆக்ஸைடு. இன்று வெள்ளைப் பெயிண்ட் என்றாலே அதுதான். நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் இல்மனைட்டும் அதற்கு மூலப்பொருள்தான்.

2016-ல் பிரான்ஸ், "இந்தப் பொடியை சுவாசித்தால் புற்றுநோய் வரலாம்" என்று ஐரோப்பிய ரசாயன முகமையிடம் முன்மொழிந்தது. 2017-ல் முகமையின் நிபுணர் குழு, 'சந்தேகத்துக்குரியது' என்ற வகையில் சேர்க்கலாம் என்றது. 2020-ல் ஐரோப்பிய ஆணையத்தின் விதி வெளியானது. 2021 அக்டோபர் 1 முதல் அமலுக்கும் வந்தது. 10 மைக்ரானும் அதற்குக் குறைவானதுமான துகள்கள் 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், திரவப் பெயிண்ட் டப்பாவிலும் எச்சரிக்கை அச்சடித்தாக வேண்டியிருந்தது.

தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். "பெயிண்டுக்குள் இந்தத் துகள் ரெசினில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பிரஷ்ஷால் அடித்தால் மூக்குக்குள் எப்படிப் போகும்?" என்பது ஒரு வாதம். சில கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அங்கே வழக்கைத் தீர்மானித்தது நாம் முதலாண்டிலேயே படித்த ஒரு சங்கதி. அடர்த்தி!

அரிசியும் பொரியும்

முகமை முக்கியமாக நம்பியது 1995-ல் வெளியான ஓர் எலி ஆய்வை. எலிகள் இரண்டு வருஷம் வரை பொடியை சுவாசித்தன. நுரையீரலில் கட்டிகள் வந்தன. கட்டி வந்தது பொருளின் குணத்தாலா, அல்லது எந்தத் தூசியாக இருந்தாலும் நுரையீரல் நிரம்பி வழிந்ததாலா என்பதே கேள்வி. இதற்கு நுரையீரலில் தூசி அடைத்த கனஅளவைக் கணக்கிட வேண்டும். நிபுணர் குழு தனித்துகளின் அடர்த்தியைப் போட்டது. ஆனால் நுண்துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. திரள் திரளாக ஒட்டிக்கொள்கின்றன, இடையிடையே காற்று.

ஒரு கிலோ அரிசி சின்னப் பாத்திரத்தில் அடங்கும். ஒரு கிலோ பொரிக்கு அண்டா வேண்டும்! எடை ஒன்றுதான்; இடம் வேறு. திரளின் அடர்த்தி குறைவு என்பதால், குழு கணக்கிட்டதைவிட எலியின் நுரையீரல் அதிகம் அடைத்திருக்கும்.

2022 நவம்பர் 23 அன்று ஐரோப்பிய பொது நீதிமன்றம் இந்த வகைப்பாட்டை ரத்து செய்தது. பிரான்ஸும் ஆணையமும் செய்த மேல்முறையீட்டை 2025 ஆகஸ்ட் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சுவாரசியம் என்னவென்றால், 'கீழ் நீதிமன்றம் விஞ்ஞானிகளின் வேலையில் ஓரளவு வரம்பு மீறிவிட்டது' என்று ஒரு குட்டும் வைத்தது. ஆனாலும், 'கவனிக்க வேண்டிய அம்சங்கள் எல்லாவற்றையும் நிபுணர் குழு கவனிக்கவில்லை' என்ற முடிவு நின்றது.

ஒன்றை மறக்கக்கூடாது. 'ஆபத்தே இல்லை' என்று கோர்ட் சான்றிதழ் கொடுக்கவில்லை. உணவில் இதே பொடியைச் சேர்க்க 2022-ல் ஐரோப்பா போட்ட தடை தனி விஷயம். பொடி மூட்டையைப் பிரித்துக் கொட்டும் தொழிலாளிக்கு மாஸ்க் அன்றும் தேவை, இன்றும் தேவை.

சட்டம் வேண்டும் என்ற சங்கம்

இன்னொரு ரகமும் உண்டு. வீடுகளில் மிச்சமாகும் பெயிண்டை எங்கே கொட்டுவது? அமெரிக்க பெயிண்ட் சங்கம் சட்டத்தோடு ஒத்துழைத்து, 'பெயிண்ட்கேர்' என்ற அமைப்பைத் தொடங்கியது. 2009-ல் ஒரிகன் மாநிலம் முதலில் இதற்குச் சட்டம் போட்டது. டப்பா வாங்கும்போதே ஒரு சிறு கட்டணம். அந்தப் பணத்தில் மிச்சப் பெயிண்டைத் திரும்பப் பெறுகிறார்கள்.

நமக்கு என்ன?

மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஈயச் சங்கம் சந்தேகத்தை விற்றது. டைட்டானியம் வழக்குக்குப் போனவர்கள் கணக்கைக் காட்டினார்கள். பெயிண்ட்கேர் பொறுப்பை ஏற்றது. 'யார் பேசுகிறார்கள்?' என்று மட்டும் கேட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். 'என்ன ஆதாரம்? பிறர் சரிபார்க்கலாமா? தப்பானால் யார் உடம்பு கெடும்?' என்று கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று புரியும்.

அந்த ஆதாரம் வானத்திலிருந்து விழுவதில்லை, நண்பர்களே! லேபில் துகள் அளவையும் அடர்த்தியையும் ஈய பி.பி.எம்.மையும் அளந்து கையெழுத்துப் போடப்போவது நாளைய டிப்ளமோ டெக்னீஷியன்களான நாம்தான். 93 பி.பி.எம். வந்த இடத்தில் "89-ன்னு போடுப்பா, யாருக்குத் தெரியப்போகுது" என்று ஒரு குரல் கேட்கலாம். அந்த நாலு பி.பி.எம்.மில்தான் ஒரு குழந்தையும் இருக்கிறது, நம் தொழிலின் மானமும் இருக்கிறது. அளந்ததை அளந்தபடியே எழுதுவோம்!