காதுக்கு ஒரு கேஸ்கட்!

காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் புறப்படும் மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். பெட்டியில் பாதிப் பேர் காதில் ஏதாவது ஒன்று முளைத்திருக்கும். வெள்ளை ஒயர், கறுப்பு ஒயர், ஒயரே இல்லாதது... ஆனால், முகத்தில் மட்டும் பாட்டுக் கேட்கிற பரவசம் கிடையாது. கடைவாய்ப் பல் வலிக்கிற மாதிரி ஒரு எரிச்சல். விசாரித்தால், ''முந்நூறு ரூபா சாமான் ஸார்... இதுல பாஸ் எங்கேர்ந்து வரும்? வெறும் தகர டப்பா!'' என்பார்கள்.

தகர டப்பா மீது பழி போடுவதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை. பாட்டு ஓடும்போது இரண்டு இயர்போனையும் விரலால் லேசாக உள்ளே அமுக்கிப் பிடியுங்கள். பாஸ் கிதாரும் தபேலாவும் 'தும் தும்' என்று எழுந்து வருகின்றனவா? விரலை எடுத்ததும் காணாமல் போகின்றனவா? ஆச்சு, வியாதி தெரிந்துவிட்டது. உங்கள் இயர்போனில் பாஸ் இருக்கிறது ஸார். வழியில் லீக் ஆகிறது!

குக்கர் தத்துவம்

இயர்போனுக்குள் இருக்கும் சவ்வு, சட்டைப் பொத்தான் சைஸ். பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் விட்டத்தில் அடங்கிவிடும் சமாச்சாரம். கல்யாண மண்டப ஸ்பீக்கர் போல ஹால் காற்றையெல்லாம் அசைக்க அதனால் ஆகாது. அது நம்பியிருப்பது உங்கள் காதுக் குழாயை. மொத்தமே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். வாசலை ரப்பர் மூடி சரியாக அடைத்தால், உள்ளே மாட்டிக்கொண்ட துளியூண்டு காற்றை அமுக்கி அமுக்கியே அந்தப் பொடிசு பாஸ் கொடுத்துவிடும். எங்காவது இடுக்கு விழுந்தால் போச்சு. தாழ்ந்த ஸ்வரங்கள்தான் முதலில் நழுவும். மிச்சம் இருக்கிற உச்ச ஸ்தாயி 'கீச்' என்று காதைக் கிழிக்கும்.

கேஸ்கட் தேய்ந்த பிரஷர் குக்கர் கதைதான் இது. 'புஸ் புஸ்' என்று ஆவி போகுமே தவிர, விசில் வராது. அதற்காக அம்மா குக்கரையா மாற்றுகிறாள்? கேஸ்கட்டை மட்டும் வாங்கி வரச் சொல்கிறாள்.

இயர்போன் டப்பாவிலும் கேஸ்கட் உண்டு. சின்ன பாலிதீன் கவரில் சிறிசும் பெரிசுமாக ரப்பர் மூடிகள் இருக்குமே, அதுதான். கம்பெனிக்காரன் நடுத்தர சைஸை மாட்டி அனுப்புகிறான். நாம் மற்றதையெல்லாம் பில்லோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போடுகிறோம். செருப்பு வாங்கப் போனால் ஏழு ஜோடியை மாட்டி, கடைக்குள்ளேயே வாக்கிங் போகிற ஆசாமி, காதுக்கு மட்டும் கொடுத்ததை மாட்டிக்கொள்கிறார்!

எல்லா சைஸையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கு ஒரு சைஸ், வலது காதுக்கு வேறு சைஸ் என்று அமைந்தால் பதற வேண்டாம். ஒருவரின் இரண்டு காதுகளும் அச்சில் வார்த்தது போல் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ரப்பர் சரிப்படாதவர்களுக்கு ஸ்பாஞ்ச் மூடி தனியாகவே கிடைக்கிறது. விரலால் உருட்டி ஒடுக்கி, காதில் வைத்து அரை நிமிடம் பிடித்துக்கொண்டால், உப்பி அடைத்துக்கொள்ளும்.

மாட்டுவதிலும் முறை இருக்கிறது. காதுக் குழாய் நேர்ச்சாலை அல்ல, வளைவு உண்டு. வலது காதில் மாட்டும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு போய் காது மடலை மேலே, பின்னே லேசாக இழுங்கள். வளைவு நிமிரும். அப்போது இயர்போனைச் சின்னதாகத் திருகி உள்ளே விடுங்கள். மின்விசிறிச் சத்தம் அமுங்கி, உங்கள் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவது போலிருந்தால், பாஸ் மார்க்!

பாடகரைக் காணோம்!

சில சமயம் பாட்டில் வயலின், கீபோர்டு எல்லாம் வரும். பாடுகிற ஆளை மட்டும் காணோம். பேய் பிசாசு இல்லை. ஜாக் முழுசாக உள்ளே போகவில்லை. பாடகர் குரலை இரண்டு பக்கமும் சரிசமமாக வைத்துப் பதிவது வழக்கம். ஜாக்கின் எர்த் தொடர்பு விட்டுப்போனால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் கழிந்து, பொதுவாக இருக்கிற குரல் பூஜ்யமாகிவிடும். பெரும்பாலும் காரணம் சட்டைப் பைப் பஞ்சு. போனை ஆஃப் செய்துவிட்டு மரப் பல்குச்சியால் பதமாக எடுங்கள். ஊக்கு, ஹேர்பின் கூடவே கூடாது.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மியா? ரப்பரைக் கழற்றி முனையில் உள்ள வலையைப் பாருங்கள். காதுக் குறும்பி அப்பியிருக்கும். வலை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். ரப்பரை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்கலாம்.

ஒயர் இல்லாத புளூடூத் பார்ட்டிகளுக்கு ஒரு வார்த்தை. ஆபீஸ் லேப்டாப்பில் மீட்டிங் ஓடினால் பாட்டு திடீரென்று பழைய டிரங்க்கால் மாதிரி ஆகிவிடும். இயர்போனின் மைக் வேலை செய்யும்போது பெரும்பாலும் பாட்டின் தரம் குறைக்கப்படுகிறது. செட்டிங்கில் லேப்டாப்பின் மைக்கையே தேர்வு செய்துவிட்டால் தீர்ந்தது.

ஈக்வலைசரில் பாஸை உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். சின்னச் சவ்வு திணறிக் கரகரக்கும். எது உறுத்துகிறதோ அதைக் கொஞ்சம் இறக்குங்கள். மிச்சமெல்லாம் தானாக எடுப்பாகத் தெரியும். 'நூறு மணி நேரம் ஓடவிட்டால் பழுக்கும்' என்று நண்பர் சொல்வார். பழுக்க அது மாங்காய் இல்லை. பழகுவது உங்கள் காதுதான்.

ஸ்பேர் பார்ட் கிடையாது

இத்தனையும் பாஸுக்காக மட்டுமில்லை. லீக் ஆகிற இயர்போனில் பாஸ் வெளியே போகும். ரயில் சத்தம் உள்ளே வரும். நாம் என்ன செய்கிறோம்? வால்யூமைத் திருகுகிறோம். அங்கேதான் ஆபத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10. 92 என்றால் இரண்டரை மணி நேரம்தான். கவனிக்கவும், ஒரு நாளைக்கு அல்ல, ஒரு வாரத்துக்கு! ஆபீஸ் போக ஒரு மணி, வர ஒரு மணி, வாரத்தில் ஆறு நாள். ஆக 12 மணி நேரம். 86 டெசிபலிலேயே கோட்டா தாண்டிவிட்டது.

உள்காதில் நத்தைக் கூடு போன்ற ஓர் அமைப்பு. அதில் ஒரு காதுக்குச் சுமார் பதினையாயிரம் மயிர் செல்கள். சத்தத்தை மூளைக்குச் சொல்வது அவைதான். பிறக்கும்போது கொண்டு வந்த ஸ்டாக் அவ்வளவே. செத்தால் மறுபடி முளைக்காது. தலை மயிருக்காவது தைலம் விற்கிறார்கள், இதற்கு அதுவும் இல்லை. இயர்போனைக் கழற்றிய பிறகும் காதில் 'ஙொய்ய்' என்று கேட்டால் அது எச்சரிக்கை மணி. தொடர்ந்து கேட்டால் காது டாக்டரிடம் போய்விடுங்கள்.

சுலபமான வழி இதோ. ராத்திரி வீட்டில் அமைதியாக இருக்கும்போது, சரியான மூடி போட்டு, எந்த வால்யூமில் பாட்டு நிம்மதியாகக் கேட்கிறது என்று பார்த்து வையுங்கள். ரயிலிலும் அதையொட்டியே இருங்கள். எப்படியும் 60 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம். ரோட்டிலும் தண்டவாளத்தின் பக்கத்திலும் மட்டும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். மூடி எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக அடைக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு ஹாரனும் கேட்காது.

மேனேஜர் கூப்பிடுவதும் கேட்காது. ஆனால், அதை யாரும் இதுவரை ஒரு குறையாகச் சொன்னதில்லை!