காசு யாரு கொடுத்தா, பாஸ்?

நீங்க கெமிஸ்ட்ரி மூணாம் வருஷம்னு வெச்சுக்குவோம். ஆம்பூர் பக்கம் ஒரு கிராமம். அங்கே கிணத்துத் தண்ணியில குரோமியம் எவ்வளவு இருக்குன்னு பார்க்கறதுதான் ப்ராஜெக்ட். கையில காசு இல்லை. பக்கத்து டேனரி ஓனர், ‘செலவை நான் பார்த்துக்கறேன் தம்பி’ங்கறார். நீங்களும் நேர்மையாத்தான் சோதிக்கிறீங்க. ‘தண்ணி நல்லா இருக்கு’ன்னு ரிசல்ட். ஊர் அக்கா ஒருத்தங்க கேட்கறாங்க: ‘இதுக்குக் காசு யாரு கண்ணு குடுத்தது?’

முழிக்கிறீங்கல்ல? அந்த முழிப்புக்குக் காரணமான விஷயத்துக்குத்தான் ‘நலன் முரண்’னு பேர். நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம் இல்லை. தப்பு பண்ணத் தூண்டுற ஒரு காரணம் உங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கு. அது படிக்கிறவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான் மேட்டர்!

தண்ணிக்கே இப்படின்னா, உடம்புக்குள்ள போற மருந்துக்கு?

1998-ல் லண்டன் டாக்டர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட், வெறும் 12 குழந்தைகளை வெச்சு ‘லான்செட்’ இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம்னு கிளப்பிவிட்டார். பெத்தவங்க பயந்துபோய் ஊசியைத் தள்ளிப்போட்டாங்க. தட்டம்மை திரும்பி வந்துச்சு. தடுப்பூசி கம்பெனிகள் மேல வழக்குப் போடத் தயாரான வக்கீல் தரப்புலேர்ந்து அவருக்குப் பணம் வந்ததை, 2004-ல் பத்திரிகையாளர் பிரையன் டீர் வெளியே கொண்டுவந்தார். 2010-ல் லான்செட் அந்தக் கட்டுரையையே வாபஸ் வாங்குச்சு. அந்தப் பணத்தைப் பத்தி முதல் நாளே ஒரு வரி எழுதியிருந்தா, படிச்சவங்க அன்னிக்கே உஷாராகியிருப்பாங்க!

இப்போ நம்ம ஏரியாவுக்கு வாங்க. குழந்தைகளுக்கு வர்ற ரோட்டா வைரஸ் வயித்துப்போக்கைத் தடுக்க ‘ரோட்டாவாக்’னு ஒரு சொட்டு மருந்து. டெல்லி, புனேயோட நம்ம வேலூர்லயும் சேர்த்து 6,799 குழந்தைகள்கிட்ட 2011-லேர்ந்து சோதிச்சாங்க. முடிவு 2014-ல் அதே லான்செட்ல வந்துச்சு. மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை, கேட்ஸ் அறக்கட்டளை, நார்வே, பிரிட்டன், அமெரிக்க அமைப்புகள், கூடவே மருந்தைத் தயாரிக்கிற பாரத் பயோடெக்... காசு கொடுத்த அத்தனை பேரோட பெயரும் கட்டுரையிலேயே இருக்கு.

அதோட கேள்வி முடிஞ்சுதா? இல்லை. வேலூர்க் குழந்தைகளோட விவரத்தைத் தனியா வெளியிடணும்னு சில டாக்டர்கள் குரல் கொடுத்தாங்க. பண விவரம் நல்லவன்னு கொடுக்கிற சர்ட்டிஃபிகேட் இல்லை, பாஸ். எங்கே உத்துப் பார்க்கணும்னு காட்டுற டார்ச் லைட்!

அந்த டார்ச் உங்க கையிலும் இருக்கு. 2007-ல் தொடங்கின இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டுல, 2009 ஜூன் 15-லேர்ந்து மருந்துச் சோதனைகளைப் பதிவு பண்றது கட்டாயம். யார் நடத்துறா, பணம் எங்கேயிருந்து வருதுன்னு இன்டர்நெட்ல இலவசமாப் பார்க்கலாம். நாளைக்கு உங்க பாட்டிகிட்டயோ தங்கச்சிகிட்டயோ ‘புது மருந்துச் சோதனை, ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போடுங்க’ன்னு யாராவது வந்தா, பேனாவைத் திறக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: பணம் யாரோடது? ரிசல்ட் சாதகமா வந்தா யாருக்கு லாபம்? பாதகமா வந்தாலும் வெளியிடுவீங்களா?

சரி, உங்க கிணத்துத் தண்ணி ப்ராஜெக்ட்? முதல் பக்கத்துலயே டேனரிக்காரர் காசு கொடுத்ததை எழுதிடுங்க. அப்புறம் அந்த அக்கா எதிர்ல வந்தா, வேற சந்துல புகுந்து ஓட வேண்டியிருக்காது!