காயப்பட்ட தாராவும் கடிபட்ட கையும்

சென்ற மாரியில் ஒரு பிற்பகல், தறப்பாள் கூரையிட்ட ஒரு வீட்டின் முற்றத்தில் பெருங்கூக்குரல் கேட்டது. தெருநாய் ஒன்று அவ்வீட்டுத் தாராவை முதுகில் கவ்விக்கொண்டு வேலியை நோக்கி ஓட, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அதைப் பறித்தெடுத்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டார் எல்லோரும் தாராவைச் சுற்றி நின்றார்கள். "இது தப்பாது சுவாமி, சாக முந்தி அறுத்தால் இரவுக் கறிக்காவது ஆகும்" என்றார் தகப்பன். பிள்ளையோ அதை மடியை விட்டு இறக்க மறுத்தாள்.

அதன் காரணத்தை அம்மம்மாதான் சொன்னார். 2008ஆம் ஆண்டு மன்னார் மாவட்டத்திலிருந்த தம் வயலையும் வீட்டையும் விட்டுப் புறப்பட்ட குடும்பம் அது. "அண்டைக்குக் கூட்டைத் திறந்துவிட்டிட்டு வந்தனாங்கள். அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தனான். இப்ப இதை விடமாட்டன் எண்டு நிக்குது."

"முதலில் பிள்ளையின் கையைப் பார்ப்போம்" என்றேன். வலது மணிக்கட்டில் இரண்டு சிறு பற்கீறல்கள் இருந்தன. எல்லோரும் தாராவைப் பார்த்தார்களே தவிர, அதைக் காப்பாற்றிய கையை எவரும் பார்க்கவில்லை.

முதற் கவனம் மனிதருக்கு

நாயின் பல்லோ நகமோ தோலைக் கீறியிருந்தால், காயம் எவ்வளவு சிறிதாயினும், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது; உரிய நேரத்தில் போடப்படும் தடுப்பூசி அந்நோயைத் தடுக்கும். "தெரிந்த நாய்தானே" என்று நாமே முடிவெடுக்கக் கூடாது. அன்று தாயும் பிள்ளையும் வைத்தியசாலைக்குச் சென்ற பின்னரே நாங்கள் தாராவிடம் திரும்பினோம்.

முதல் ஒரு மணி நேரம்

காயப்பட்ட தாரா, காயத்தினால் மட்டுமன்றி அச்சத்தினாலும் குளிரினாலும் சாகக்கூடும். ஆகவே அதைக் காலில் பிடித்துத் தூக்காமல், இரு சிறகுகளையும் உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். நெஞ்சை இறுக்க வேண்டாம். நம்மைப் போல் பறவைகளுக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அவற்றால் மூச்சுவிட முடியும்.

இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடமாவது விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையில் துணியை எடுத்துப் பார்த்தால் கட்டிய இரத்தம் மீண்டும் வடியும். பின்னர் காற்றோட்டமுள்ள ஒரு காட்போட் பெட்டியில் உலர்ந்த வைக்கோலோ பழந்துணியோ பரப்பி, இருட்டான, அமைதியான இடத்தில் வையுங்கள். இளஞ்சூட்டு நீர் நிரப்பிய போத்தலொன்றைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் வைத்தால் போதும். சூடு கூடினால் விலகிப் படுக்க மறுபக்கத்தில் இடமிருக்க வேண்டும். சமைக்கும் இடத்துக்கு அருகில் பெட்டியை வைக்க வேண்டாம். தாராவின் எச்சத்தால் வயிற்றோட்ட நோய்க் கிருமிகள் பரவலாம். தொட்ட ஒவ்வொரு முறையும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

காயத்தைக் கழுவுதல்

அரை லீற்றர் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளை விலக்கி, அந்த நீரை ஊற்றிக் கழுவுங்கள். நாய்க்கடியில் வெளியே தெரிவது சிறு துளைதான். உள்ளே தசை கிழிந்து, நாயின் வாயிலுள்ள கிருமிகள் ஆழத்தில் தங்கியிருக்கும். ஆகவே ஒரு நாளுக்குள் கால்நடை வைத்தியரிடம் காட்டுவது அவசியம். மனிதருக்குத் தந்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

நம்மவர் வழக்கங்கள் சிலவற்றையும் விட்டுவிட வேண்டும். காயத்தில் மண்ணெண்ணெய் விடாதீர்கள், சாம்பல் அப்பாதீர்கள். தேங்காய் எண்ணெயும் பூச வேண்டாம். எண்ணெய் பட்ட இறகுகள் ஒட்டிக்கொள்ள, நீர் தோல்வரை இறங்கித் தாரா நனைந்து குளிர்ந்துவிடும். ஈ மொய்க்காதபடி பெட்டியை மெல்லிய துணியால் மூடி, காலையும் மாலையும் இறகுகளை விலக்கிப் பாருங்கள். புழு தென்பட்டால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கழுவி, தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

சிறகு தொங்கினால் அதை இயல்பாக மடித்து, உடலோடு சேர்த்துத் துணிப்பட்டியால் தளர்வாகக் கட்டலாம். கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். கால் முறிந்திருந்தால் நீங்களே இழுத்து நிமிர்த்த முயலாதீர்கள்.

தீனும் நீரும்

அலகைத் திறந்து நீரூற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். மூக்குத் துளைகள் அமிழும் ஆழமுள்ள சட்டியில் நீர் வையுங்கள். தாரா தன் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும். காயம் ஆறும்வரை குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். சேற்றுநீர் புண்ணைக் கெடுக்கும், சோர்ந்த தாரா மூழ்கவும் கூடும். நனைத்த தவிடு, சோறு, நறுக்கிய கீரை, அவித்து மசித்த முட்டை ஆகியவை நல்லவை. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைத் தொடவே விடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு கோழியைவிடத் தாராவை விரைவில் தாக்கும்.

தாரா கூட்டமாய் வாழும் பறவை. தனித்துவிட்டால் தீன் எடுக்க மறுக்கலாம். ஆகவே கம்பிவலைக்கு இப்பால் வைத்து மற்றத் தாராக்களைப் பார்க்க விடுங்கள். ஒன்றாக விட்டால் அவை புண்ணைக் கொத்தும்.

ஒரு நாளுக்கு மேல் தீன் எடுக்காவிட்டாலோ, தலை தொங்கினாலோ, புண் நாறினாலோ மீண்டும் வைத்தியரைக் காணுங்கள். பிழைக்க வழியில்லை என்று அவர் சொன்னால், வேதனையை நீட்டாமல் முடிவு செய்வதும் பராமரிப்பே. நாய் கடித்த தாராவையோ மருந்து கொடுத்த தாராவையோ அறுத்து உண்ணலாமா, அதன் முட்டையை எப்போது உண்ணலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

மூன்று வாரங்களின் பின் அவ்வழியே போனேன். பிள்ளையின் கையில் கீறல் ஆறியிருந்தது. தடுப்பூசிகளை ஒன்றும் தவறவிடவில்லை என்று தாய் அட்டையைக் காட்டினார். தாரா சற்றுச் சரிந்து நடந்தாலும் மற்றவற்றோடு சேர்ந்தே நடந்தது. தகப்பன் வேலியின் பொட்டுகளைப் பனையோலையால் அடைத்துவிட்டு, கூட்டுக் கதவுக்குக் கொளுக்கி பூட்டிக்கொண்டிருந்தார். "இரவில பூட்டிப்போட்டுப் படுத்தால் பிள்ளை நிம்மதியாய் நித்திரை கொள்ளும், சுவாமி" என்றார்.