முதுகில் ஊசி போட்ட அடுத்த சில நிமிடங்கள்

சிசேரியனுக்காகக் கீழ் முதுகில் ஊசி போட்டாயிற்று. இரண்டு மில்லி அளவு மருந்துதான். கால்கள் சூடாகி, கனத்து, மரத்துப்போகின்றன. அறுவை தொடங்குவதற்கு முன்பே அந்தப் பெண் சொல்கிறார்: "டாக்டர், வாந்தி வர்ற மாதிரி இருக்கு, ஒரு மாதிரியா இருக்கு." வெறும் வயிற்றில் இருந்ததால் வந்த பித்தம் என்று உறவினர்கள் நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. ரத்த அழுத்தம் சரிகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது.

வயிற்றைத் திறக்கும்போது வலி தெரியாமலிருக்க, மரப்பு மார்பு வரை ஏற வேண்டும். அப்படி ஏறும் மருந்து வலி நரம்புகளை மட்டும் நிறுத்துவதில்லை. ரத்தக் குழாய்களை இறுக்கமாக வைத்திருக்கும் நரம்புகளையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் இறங்குகிறது. முன்கூட்டியே தடுக்காவிட்டால் பத்தில் ஏழு பெண்களுக்கு இது நேரலாம். மல்லாந்து படுத்தால் நிறைமாதக் கருப்பை பெருஞ்சிரையை வேறு அழுத்துகிறது. வலது இடுப்புக்கு அடியில் துணிச்சுருள் வைத்து இடப்பக்கமாகச் சாய்ப்பது இதனால்தான். ஆனால் 15 டிகிரி சாய்வு சிரையை விடுவிக்கப் போதவில்லை என்று 2015இல் வெளியான ஜப்பானிய எம்ஆர்ஐ ஆய்வு காட்டியது. 30 டிகிரி சாய்த்தபோதுதான் ஓரளவு விடுபட்டது. அவ்வளவு சாய்த்து வைத்து அறுவை செய்வது கடினம்.

தாய்க்கு இது குமட்டல், தலைசுற்றல். குழந்தைக்கோ கவலை அதிகம். கருப்பையின் ரத்தக் குழாய்கள் நிறைமாதத்தில் ஏற்கெனவே முழுதாக விரிந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் இன்னும் விரிந்து ஈடுகட்ட வழியில்லை. வாய்க்காலில் நீர்மட்டம் தாழ்ந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே, அதுபோலத்தான் கருப்பை.

அழுத்தத்தை உயர்த்த எந்த மருந்து? சுமார் முப்பது ஆண்டுகள் உலகம் சொன்ன பதில் எஃபிட்ரின். சினையாடுகளில் நடந்த ஆய்வு 1974இல் அமெரிக்காவில் வெளியானது. கருப்பைக்குப் போகும் ரத்தத்தை எஃபிட்ரின் குறைக்கவில்லை என்றது அது. குழாய்களை நேரடியாக இறுக்கும் ஃபீனைல்எஃப்ரின் போன்றவை கருப்பைக் குழாய்களையும் சுருக்கிவிடும் என்ற அச்சம் வேரூன்றியது.

அந்த நம்பிக்கையை அசைத்ததில் ஹாங்காங் மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தாயின் மானிட்டரோடு நிற்காமல், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை அளந்தார்கள். எஃபிட்ரின் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு ரத்தத்தில் அமிலத்தன்மை சற்றுக் கூடியிருந்தது. அந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குள் போய், அதன் வளர்சிதை வேகத்தையே கூட்டுகிறது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆரோக்கியமான குழந்தைகளை இந்தச் சிறு வேறுபாடு பொதுவாகப் பாதிப்பதில்லை. ஏற்கெனவே தவிக்கும் குழந்தைக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது அதே குழுவின் 2004 ஆய்வு. ஃபீனைல்எஃப்ரின் கொண்டு ஒரு பிரிவினரின் அழுத்தத்தை அவர்களது வழக்கமான அளவிலேயே காத்தார்கள். மற்ற இரு பிரிவுகளில் 90 சதவீதம், 80 சதவீதம் வரை இறங்க விட்டார்கள். குமட்டலோ வாந்தியோ வந்தது முறையே 4, 16, 40 சதவீதம் பேருக்கு. கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற பழைய பொறுமைக்கு அந்தத் தாய்மார்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

2018இல் வந்த சர்வதேசக் கருத்தொற்றுமை இதையே விதியாக்கியது: அழுத்தம் வீழக் காத்திருக்காதீர்கள், முதுகு ஊசி போட்டவுடனேயே ஃபீனைல்எஃப்ரினைத் தொடர்ச்சியாகச் செலுத்துங்கள், ரத்த அழுத்தத்தின் மேல் அளவு வழக்கத்தின் 90 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பாருங்கள். முன்பெல்லாம் ஊசிக்கு முன் ஒரு லிட்டர் சலைன் ஏற்றுவார்கள். அதனால் பெரிய பயனில்லை என்று தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டது. ஊசியோடு சேர்த்து வேகமாக ஏற்றுவது சற்று உதவும், அது மட்டும் போதாது. ஃபீனைல்எஃப்ரினுக்கும் குறை உண்டு, இதயத் துடிப்பை மெதுவாக்கும். அதனால் நார்அட்ரினலின் பக்கமும் ஆய்வாளர்கள் திரும்பியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் 45 சிசேரியன் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஃபீனைல்எஃப்ரின் இங்கே பெரும்பாலும் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் என்ற செறிவில் வருகிறது. நூறு மடங்கு நீர்க்கச் செய்த பிறகே பயன்படுத்த முடியும். நெரிசல் மிகுந்த அறுவை அரங்கில், நள்ளிரவில், அந்தக் கணக்குப் பிசகினால் உயிருக்கே ஆபத்து. சரியான அளவில் நிரப்பிய சிரிஞ்சுகளும் மருந்தைச் சீராகச் செலுத்தும் பம்புகளும் தாலுகா மருத்துவமனை வரை போய்ச் சேர வேண்டும். ஆடம்பரம் என்று இதைத் தள்ளிவைக்கக் கூடாது.

சிசேரியனுக்குத் தயாராகும் பெண்களிடம் ஒன்று. உங்கள் வழக்கமான பிபி எவ்வளவு, அதற்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு குமட்டலோ, கண் இருட்டலோ, மூச்சு முட்டலோ தோன்றினால் பொறுத்துக்கொள்ளாமல், தலைமாட்டில் நிற்கும் மயக்கவியல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மானிட்டர் அடுத்த முறை அளப்பதற்கு முன்பே அவர் மருந்து கொடுத்துவிட முடியும்.